கோழிக்கூட்டிலிருந்து தொடங்க வேண்டும்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கால்நடை நலமும் வீட்டுச் சாப்பாடும்

நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இன்று அங்கிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரிகளில் ஏறி, சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. குஞ்சு பொரித்த எத்தனையாவது நாளில் எந்தத் தடுப்பு மருந்து என்ற கணக்கில் அந்தப் பண்ணைகளில் பிழை நேராது. அதே வட்டாரத்தில், சேர்வராயன் மலையின் கிராமங்களில், ஒரு வீட்டின் முட்டை என்பது கொல்லையில் குப்பையைக் கிளறித் திரியும் ஐந்தாறு நாட்டுக்கோழிகள் இடுவதுதான். அவற்றுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. கோடையை ஒட்டி வெள்ளைக்கழிச்சல் நுழைந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். ஐந்தாறு கோழிகள் செத்ததை யாரும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. காப்பீடும் இல்லை, இழப்பீடும் இல்லை. மறுபடி ஒரு பெட்டைக்கோழி வாங்கி, அது அடைகாத்து, குஞ்சு வளர்ந்து முட்டையிடும்வரை அந்த வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கொடுப்பதைத் தவிர வேறு முட்டை இல்லை. அந்த இழப்பை இப்படித்தான் அளக்க வேண்டும்.

கிராமத்துக் கால்நடை நலம் என்றதும் நம் கண்முன் வருவது கறவை மாடுதான். திட்டங்களும், கடனும், மருத்துவர்களின் நேரமும் பெரும்பாலும் மாட்டைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அதில் நியாயம் உண்டு. ஒரு கலப்பினப் பசு செத்தால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போய்விடும். ஆனாலும் ஏழை வீட்டின் தட்டுக்கு நேராக வந்து சேருவது கோழியும் ஆடும்தான் என்பது என் உறுதியான கருத்து. பாலைச் சங்கத்தில் ஊற்றிவிடுகிறோம். அது பணமாகத் திரும்பி, கடன் தவணைக்கும் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் போய்விடுகிறது. முட்டை வீட்டிலேயே தங்குகிறது. ஆடு அவசரத்துக்கு விற்கப்பட்டு அரிசியாகவும் மருத்துவச் செலவாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. இரண்டையும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள். கையிலிருக்கும் மருத்துவ வசதி இவற்றுக்குப் போய்ச் சேருவதுதான் மிகக் குறைவு.

இதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு கற்பனையானது அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்புகிறது. இந்த மாநிலத்தில் பசி குறைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அரிசியால் மட்டும் ரத்தம் ஊறாது. முட்டை, பால், இறைச்சி, கீரை, பயறு ஆகியவை சேர்ந்தால்தான் அது முழு உணவாகும். மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்கள் முன்பு விளைவித்த சாமையும் கேழ்வரகும் தினையும் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டின. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபின், காப்பியும் மிளகும் சரிவுகளை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டன. சிறுதானியம் சுருங்கியபோது சாப்பாட்டோடு மாட்டுக்கு வேண்டிய காய்ந்த தட்டையும் வைக்கோலும் சேர்ந்தே சுருங்கின.

ஒரு குப்பியில் நூறு கோழி

வெள்ளைக்கழிச்சலை ராணிக்கெட் நோய் என்று மருந்தகங்களில் சொல்வார்கள். குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் ஊரின் பெயர் அது. 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் அங்குதான் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி விழும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சிழுக்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்தில் எட்டு ஒன்பது கோழிகள் செத்துப்போகும். இது வைரஸ் நோய் என்பதால் வந்தபின் கொடுக்க மருந்து இல்லை. மஞ்சளும் வெங்காயமும் சீரகமும் கோழியைச் சற்றுத் தேற்றலாம். நோயைத் தடுப்பது தடுப்பூசி மட்டுமே.

தடுப்பூசி இலவசம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரங்களுக்குக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கையின் அடித்தோலில் ஊசி போடுகிறார்கள். கோடை தொடங்குமுன் போடுவதால் காலம் சரியானதுதான். பிறகு ஏன் கோழிகள் சாகின்றன?

முதல் காரணம் குப்பி. பண்ணைகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்ட இந்த மருந்து 100 டோஸ், 200 டோஸ் என்ற அளவில்தான் வருகிறது. தூளாக இருக்கும் மருந்தைக் குளிர்ந்த கரைப்பான் திரவத்தில் கலக்கியபின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஆறு கோழிகள் உள்ள ஒரு வீட்டுக்காக ஒரு குப்பியை உடைக்க முடியாது. ஒரு குப்பி வீணாகாமல் இருக்க வேண்டுமானால் பதினைந்து இருபது வீடுகளின் கோழிகள் ஒரே காலையில் கிடைக்க வேண்டும். மலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஓர் ஓடையும் ஒரு காப்பித் தோட்டமும் இருக்கும். கோழிகளோ விடிந்ததும் மேயப் போய்விடும். பத்து மணிக்கு ஜீப் வந்து சேரும்போது பஞ்சாரத்தில் ஒன்றும் இருக்காது. ஊழியர் அக்கறை இல்லாதவர் என்று ஊர்க்காரர்களும், மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று ஊழியரும் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள். என் பார்வையில் இருவர் மீதும் தவறில்லை. அந்த நேரம்தான் தவறு.

இரண்டாவது காரணம் குளிர். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருந்தாக வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை என்று கிளைச் சாலைகளில் போய், அதற்கும் அப்பால் நடந்து போக வேண்டிய ஊருக்கு வரும்போது பெட்டியில் ஐஸ் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சூடுபட்ட மருந்தைப் போட்டாலும் போடாததற்குச் சமம். அதன்பிறகு கோழி செத்தால், ‘ஊசி போட்டுத்தான் செத்தது’ என்ற பேச்சு ஊரில் ஊன்றிவிடும். அடுத்த ஆண்டு யாரும் கோழியைப் பிடித்துத் தரமாட்டார்கள்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் அடைக்கு உட்காரும். பிப்ரவரியில் போட்ட ஊசி அன்று கூட்டிலிருந்த கோழிகளுக்குத்தான். சித்திரையில் பொரித்த குஞ்சுகளும் ஆனியில் பொரித்த குஞ்சுகளும் அதில் சேரவில்லை. ஆடித் திருவிழாவுக்குப் பழைய கோழிகள் அறுக்கப்பட்டோ விற்கப்பட்டோ போனபின் கூட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ஊசியே காணாத இளங்கோழிகள். ஆண்டுக்கு ஒரு முகாம் என்பது நாட்டுக்கோழியின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் பொருந்தாது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, புதிதாக வளர்ந்தவற்றுக்கு மட்டுமாவது போட வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வெப்பத்தை ஓரளவு தாங்கி நிற்கும் கண்சொட்டு மருந்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கி, மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளின் கிராமங்களில் ஊர்ப் பெண்களின் கையாலேயே போடவைத்தார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீவனத்தைப் போலக் கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைப் பிடிக்க வேண்டாம், ஊசி வேண்டாம். சேர்வராயன் மலை போன்ற இடங்களுக்காகவே செய்ததுபோன்ற கண்டுபிடிப்பு இது. இப்படிப்பட்டவை ஆய்வகத்திலிருந்து மலைக்கிராமத்தின் கூடுவரை தடையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.

ஆட்டுப்பட்டியின் கணக்கு

சேலம் மாவட்டத்துக்கென்று சொந்தமாக இரண்டு ஆட்டினங்கள் இருப்பதை வெளியூர்க்காரர்கள் பலர் அறியமாட்டார்கள். மேச்சேரி, மேட்டூர், நங்கவள்ளி, ஓமலூர் பக்கம் வளரும் மேச்சேரிச் செம்மறி வெளிர் பழுப்பு நிறமுடையது. அதன் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு உண்டு. அந்த இனத்தைக் காக்க 1978இல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சேலம் கருப்பு வெள்ளாடு உயரமானது. மானாவாரி நிலத்தின் முள்ளையும் இலையையும் தின்று வறட்சியைத் தாங்கி நிற்கும். சீமை இனங்களைத் தேடிப் போகுமுன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். நம் வெயிலுக்கும் நம் மேய்ச்சலுக்கும் ஏற்றபடி பல தலைமுறைகளாக வந்தவை இவை.

இவற்றின் பெரிய எதிரி ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், சளி ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல், நிமோனியா என்று வரிசையாக வந்து பத்து நாளுக்குள் பட்டியைப் பாதியாக்கிவிடும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1987இல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் கண்டறியப்பட்டது. அங்கு எடுத்த அதே வைரஸிலிருந்துதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியை உருவாக்கியது. ஒருமுறை போட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. 2030க்குள் உலகிலிருந்தே இந்நோயை ஒழிப்பது என்று பன்னாட்டு அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. நடக்காத கனவு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. இதன் நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாக 1995இல் காணப்பட்டது. 2011இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் ஒழித்துக்காட்டிய இரண்டாவது நோய் அது. அதையும் தடுப்பூசியும் விடாத கண்காணிப்பும் கொண்டுதான் ஒழித்தார்கள்.

ஆட்டுக்கொல்லி நோய் ஊருக்குள் வரும் வழி பெரும்பாலும் சந்தை. வீரகனூர், கொங்கணாபுரம், மேச்சேரிச் சந்தைகளில் பல மாவட்டத்து ஆடுகள் ஒரே இடத்தில் நிற்கின்றன. நோய் உள்ளே பதுங்கியிருக்கும் ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வீட்டுக்கு வந்த நாலைந்து நாளில்தான் சளி தெரியும். வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி, தனித் தண்ணீர், தனித் தீவனம் வைப்பது ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத காரியம். அதைச் செய்வோர் மிகக் குறைவு. இருப்பது ஒரே பட்டி, தனியே கட்ட இடமில்லை என்பார்கள். வீட்டின் மறுபக்கச் சுவரோரம் ஒரு முளைக்குச்சி அடித்தால் போதும்.

தமிழ்நாடு அரசு 2011இல் விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுத்தது. ஏழைப் பெண்ணின் பெயரில் ஒரு சொத்து என்ற வகையில் அந்த எண்ணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஆடு கொடுப்பது ஒரு நாள் வேலை. அதைச் சாகாமல் வைத்திருப்பது ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலை. மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வெறும் வயிற்றில் மேய்ந்த ஆடு துள்ளுமாரியில் திடீரென விழுந்து சாகும். அதற்கு மழைக்காலத்துக்கு முன்பே ஊசி போட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது சிறு கொசுக்கள் பெருகிச் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும். பட்டியை மேட்டில் வைத்து, மாலையில் வேப்பிலைப் புகை போட்டால் கொசுக்கடி குறையும். குடற்புழு நீக்க மருந்தை மழைக்கு முன்பும் பின்பும் கொடுக்க வேண்டும். மலையில் ஈரத்தரையில் படுத்தே பல குட்டிகள் நிமோனியாவில் போகின்றன. தரையிலிருந்து உயர்த்திய பரண் போட்டு, காற்று வீசும் பக்கம் ஒரு சாக்கு மறைப்புக் கட்டினால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம். இவை எல்லாவற்றிலும் மருந்தைவிட மாதம்தான் முக்கியம். ஐப்பசியில் போட வேண்டியதைத் தையில் போட்டுப் பயனில்லை.

பசு, கன்று, மரவள்ளி

மாட்டைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள் என்பதால் இங்கு மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். அவை இந்த மாவட்டத்துக்கு நேராகப் பொருந்துபவை.

கோமாரி எனும் கால், வாய்ப்புண் நோய் முதலாவது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் தோடு மாட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட இரண்டொரு நாள் பால் குறையும் என்று சிலர் மாட்டை மறைத்துவிடுகிறார்கள். கோமாரி வந்தால் அந்த ஈற்றுக்கான பாலே போய்விடும்; நோய் கண்ட தாயிடம் பால் குடித்த கன்று இதயம் தாக்கப்பட்டு நின்ற நிலையில் சாகும்; பிழைத்த மாடும் வெயிலில் மூச்சிரைக்கும். இரண்டு நாள் பாலுக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. மலையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. காப்பித் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் தாராளமாக வந்து மேய்கின்றன. அவற்றுக்கும் கோமாரி தொற்றும். காட்டு ஓரத்து மாடுகளுக்கு ஊசி தவறாமல் போடுவது காட்டையும் சேர்த்துக் காப்பது.

இரண்டாவது சீம்பால். நஞ்சுக்கொடி விழுந்தபின்தான் கன்றைப் பாலுக்கு விட வேண்டும் என்ற பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பிறக்கும்போது கன்றின் உடலில் நோய் எதிர்ப்பு என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. அது சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்திலேயே குடிக்க விட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். கன்று குடித்தும் மடி வற்றாது. கன்று குடிப்பதால் நஞ்சுக்கொடி இன்னும் எளிதாக விழும். மிச்சத்தை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது மரவள்ளி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜவ்வரிசித் தொழில் சேலத்தின் முதுகெலும்புகளில் ஒன்று. ஆலைகளிலிருந்து வரும் திப்பியும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) கிழங்குத் தோலும் மலிவான தீவனம்; வறட்சிக் காலத்தில் பல மாடுகளைக் காப்பாற்றியதும் அவைதான். ஆனால் மரவள்ளியின் இலையிலும் தோலிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. கிழங்கு பிடுங்கிய காட்டில் குவித்து வைத்த பச்சைத் தழையை ஆடுகள் வயிறாரத் தின்றால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, துடித்து விழும். மருத்துவருக்குப் போன் செய்து முடிப்பதற்குள் உயிர் போய்விடுவதும் உண்டு. நன்றாக உலர்த்தினால் நஞ்சு பெருமளவு போய்விடும். தழையை நறுக்கிப் பரப்பி வெயிலில் காயவைத்து, வேறு தீவனத்தோடு சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பிடுங்குகிற நாளில் ஆட்டைக் காட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. தண்ணீர் இன்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும் இதே ஆபத்து இருக்கிறது. விழுந்த மாட்டுக்கு உடனே கிடைத்தால் முறிவு மருந்து உண்டு. மருத்துவர் நரம்பு வழியாகப் போடுவார். ஜவ்வரிசிப் பருவத்தில் மரவள்ளி விளையும் பகுதி மருந்தகங்கள் ஒவ்வொன்றிலும் அந்த மருந்து தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு தீவன ஆபத்து பொங்கலன்று வருகிறது. அன்பின் மிகுதியால் மாட்டுக்கு அள்ளி அள்ளி வைக்கும் பொங்கலும், மற்ற நாட்களில் வடித்து ஊற்றும் ரேஷன் அரிசிக் கஞ்சியும் முதல் வயிற்றில் புளித்து அமிலமாகின்றன. அசைபோடுவது நின்று, மாடு படுத்து, எழ முடியாமல் சாகிறது. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு கவளம் ஊட்டினால் போதும்.

மடிநோய் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரத்தநாட்டில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு மருத்துவ முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து பரப்பியவற்றில் ஒன்று, 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்த விழுது. கெட்டுப்போன பாலை முழுவதும் கறந்து வெளியேற்றிவிட்டு, மடியைக் கழுவி, நீர்த்த விழுதை ஒரு நாளில் பலமுறை என ஐந்து நாள் தடவ வேண்டும். தேசியப் பால்வள வாரியமும் இதைப் பரப்பிவருகிறது. தொடக்கத்திலேயே செய்தால் பல மாடுகளுக்கு ஆன்டிபயாடிக் ஊசியே தேவைப்படுவதில்லை. ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாட்கள்வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சங்கத்துக்கும் ஊற்றக் கூடாது. அதைக் குடிக்கப்போவது யாரோ ஒருவருடைய குழந்தை.

மலைக்குரிய சிக்கல்கள்

சமவெளிக்கு எழுதிய அறிவுரைகள் மலையில் அப்படியே செல்லாது. உண்ணிச்செடி காட்டோரங்களையும் தரிசுகளையும் மூடி, அங்கிருந்த புல்லை விழுங்கிவிட்டது. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது மாடுகள் அதைக் கடிக்கின்றன. ஈரல் கெட்டு, கண்ணும் தோலும் மஞ்சளாகி, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெடிக்கும். காப்பிச் செடியின் இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. செம்மறியாடுகளுக்குச் செம்பு சிறிது மிகுந்தாலும் நஞ்சு. மருந்தடித்த தோட்டத்தின் கீழ்ப்புல்லை மழை கழுவும்வரை ஆடு மேயக் கூடாது. தோட்டக்காரர் மருந்தடிக்கும் நாளை மேய்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது பல இடங்களில் வழக்கமே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் தீர்ந்துவிடும் காரியம் அது.

தீவனத்துக்கு மலையில் தனி நிலம் கேட்க முடியாது. காப்பிக்கு நிழல் தந்து, மிளகுக்கொடியைத் தாங்கி நிற்கும் கல்யாண முருங்கையின் தழை ஆடு மாடுகளுக்கு நல்ல புரதத் தீவனம். வேகமாக வளர்ந்து தடியும் தருகிறது என்பதால் சில்வர் ஓக் பரவியது; அதன் இலை பட்டிக்கு உதவாது. வேலியோரம் பழையபடி கல்யாண முருங்கையும் அகத்தியும் நட்டால் நிலம் தனியே ஒதுக்காமலே தழை கிடைக்கும். சமவெளியில் தண்ணீர் உள்ளவர்கள் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடலாம். மானாவாரிக் காட்டுக்குக் கொழுக்கட்டைப் புல்லே தோது.

மலையில் மிகவும் கவனமாகப் பேச வேண்டிய ஒன்று, திடீரென்று செத்த மாட்டின் இறைச்சி. இல்லாமை உள்ள இடத்தில் செத்த மாட்டைப் புதைக்க மனம் வராது, ஊரே பங்குபோட்டுக்கொள்ளும். இதைக் கண்டிப்பதைவிடப் புரிந்துகொள்வது நல்லது. ஆனால் மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் உறையாமல் வழிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது. அறுத்தவர் கையில் புண்ணாகப் பற்றும், தின்றவர் வயிற்றைத் தாக்கும், மண்ணில் விழுந்த கிருமி வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். தோலை உரிக்காமல் ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். கருச்சிதைந்து கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதும் பச்சைப் பால் குடிப்பதும் புருசெல்லா காய்ச்சலைக் கொண்டுவரும். நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே முறை போடும் ஊசி அதைத் தடுக்கும்.

1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது, நல்ல ஏற்பாடு. தலைவாசலில் 2020இல் அடிக்கல் நாட்டி 2021இல் திறக்கப்பட்ட பெரிய கால்நடை ஆராய்ச்சி வளாகமும் கல்லூரியும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. சேலத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் உண்டு, சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. இவ்வளவு அறிவு இவ்வளவு அருகில் இருக்கும் மாவட்டங்கள் அதிகமில்லை. ஆனால் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் போகிறார். கோழிக்குத் தவிடு போடுபவரும், குட்டிக்குச் சீக்கு என்று முதலில் கண்டுபிடிப்பவரும் கொட்டிலில் நின்றுவிடுகிறார்கள். காலைப் பால் கறந்து, சமைத்து, தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பகல் பதினொரு மணிப் பயிற்சி எப்படிப் பொருந்தும்?

வட மாநிலங்கள் சிலவற்றில் மகளிர் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் ‘பசு சகி’ (கால்நடைத் தோழி) என்ற பெயரில் ஊருக்குள்ளேயே ஆட்டுக்கும் கோழிக்கும் முதலுதவியும் குடற்புழு மருந்தும் கொடுக்கிறார்கள். தடுப்பூசிக்கு ஆள் திரட்டுகிறார்கள். மருத்துவருக்கு இவர்கள் மாற்று அல்ல. சினை மாட்டின் சிக்கலையும் ஊசி மருந்தின் அளவையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் மருத்துவர் வருவதற்குள் செய்ய வேண்டியதும், மருத்துவருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதும் ஊரிலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம். மலையில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் இப்படி ஒருவர் வேண்டும், அவருக்கு ஊதியமும் வேண்டும். சேவை என்று சொல்லிப் பெண்களிடம் இலவச உழைப்பு வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

பால் விஷயத்தில் ஒரு கோரிக்கை, இது அரசிடம் அல்ல, வீட்டாரிடம். கறக்கும் வீட்டிலேயே குழந்தைகள் வரக்காப்பி குடிப்பதை இந்த மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். சங்கத்தில் அரை லிட்டர் குறைந்தால் தவணை உதைக்கும் என்பது உண்மை. ஆனாலும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஒரு டம்ளர் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றலாம். அந்தக் குறையை ஈடுகட்டத் தாது உப்புக் கலவையும், சினைப்பருவத்தைத் தவறவிடாத கவனமும் இருக்கின்றன. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போகிறது. இரண்டு தவறினால் ஒன்றரை மாதத் தீவனம் பாலின்றிப் போகிறது. வீட்டுக்கு எடுக்கும் ஒரு டம்ளரால் வரும் நஷ்டம் அதில் ஒரு சிறு பகுதிகூட இல்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. கோழிக்கழிச்சல் முகாம் அதை அடுத்து பிப்ரவரியில் வருகிறது. மாரமங்கலத்திலோ நாகலூரிலோ அன்று ஒரு தீர்மானம் போடலாம்: எந்தக் குக்கிராமத்தில் எந்த வீட்டில் எத்தனை கோழி, எந்த நாளில் எந்த இடத்துக்கு ஊசி வரும், யார் முன்னிரவில் வீடு வீடாகச் சொல்வது. கோழிகள் அடையும் மாலை ஆறு மணிக்குப் பிறகு பஞ்சாரத்தை மூடிவைத்து, விடியற்காலை ஆறிலிருந்து எட்டுக்குள் திறக்காமல் காத்திருந்தால் ஒரு குப்பியின் நூறு டோஸும் இருபது வீட்டுக்குப் போய்ச் சேரும். ஐஸ் பெட்டியை முந்தைய இரவே ஊருக்குக் கொண்டுவந்து, மின்சாரமும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள ஒரு கடையிலோ தோட்ட அலுவலகத்திலோ வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதே பட்டியலை வைத்து மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளின்போது புதிதாக வளர்ந்த கோழிகளுக்கு அடுத்த சுற்றுக்கு நாள் குறிக்கலாம்.